நிறம் சொல்லாத வயது

கடை அலமாரியில் இரண்டு ஸ்காட்ச் விஸ்கி பாட்டில்கள் அடுத்தடுத்து நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று கருஞ்சிவப்பு, வெளிச்சத்தில் பிடித்தால் மட்டும் மாதுளை நிறம் தெரியும். மற்றொன்று காய்ந்த வைக்கோலின் வெளிர்மஞ்சள். இரண்டிலும் ‘ஷெர்ரி பீப்பாயில் முதிர்ந்தது’ என்று எழுதியிருக்கிறது. எது மூத்தது என்று கேட்டால் பெரும்பாலோர் யோசிக்காமல் கறுத்த பாட்டிலைக் காட்டுவார்கள். ஆனால் கறுத்தது எட்டே வயதுப் பிள்ளையாகவும், வெளுத்தது முப்பது வயதைக் கடந்ததாகவும் இருக்கலாம். இப்படி இருப்பது அபூர்வமும் அல்ல.

கறுப்பு என்றால் முதுமை, முதுமை என்றால் தரம் என்பது ஷெர்ரி பீப்பாய் விஸ்கியைப் பற்றி ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும் எண்ணம். இது ஏன் தவறு என்று புரிந்துகொண்டால் பீப்பாய் என்ன செய்கிறது, காலம் என்ன செய்கிறது, நாவில் எதைத் தேட வேண்டும் என்பதெல்லாம் கூடவே விளங்கிவிடும். அவசரம் வேண்டாம், ஒவ்வொரு படியாகப் போவோம்.

முதலில் பீப்பாய்க்குள் என்ன ஊற்றுகிறார்கள் என்று பார்ப்போம். முளைவிட்ட பார்லியை (மால்ட்) அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றைப் புளிக்கவைத்து, செம்புக் கலத்தில் இரண்டு முறை காய்ச்சி வடிக்கிறார்கள். அப்படிக் கிடைக்கும் ஸ்பிரிட் குடிதண்ணீரைப் போலத் தெளிவானது, துளி நிறம் கிடையாது. அதில் சாராயத்தின் அளவு எழுபது சதவீதத்தை ஒட்டி இருக்கும். தண்ணீர் சேர்த்து வழக்கமாக 63.5 சதவீதத்துக்குக் கொண்டுவந்து பீப்பாயில் நிரப்புவார்கள். ஸ்காட்ச் சட்டப்படி அது ஓக் மரப் பீப்பாயில், ஸ்காட்லாந்து மண்ணிலேயே, குறைந்தது 3 ஆண்டுகள் இருக்க வேண்டும். பீப்பாய் 700 லிட்டரைத் தாண்டக் கூடாது. பாட்டிலுக்கு வரும்போது சாராயம் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

ஆக, பாட்டிலில் நாம் காணும் நிறம் முழுவதும் பிறகு வந்து சேர்ந்தது. எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி மரத்திலிருந்து. இங்கே நம் வீட்டு காப்பி ஃபில்டரை நினைத்துக்கொள்வோம். புதுப் பொடி போட்டு வெந்நீர் ஊற்றினால் முதல் டிகாக்‌ஷன் சீக்கிரமே கறுப்பாக இறங்கிவிடும். அதே பொடியில் மறுபடி ஊற்றி, அதைவிட இரண்டு மடங்கு நேரம் காத்திருந்தாலும் இரண்டாம் டிகாக்‌ஷன் வெளிறித்தான் இருக்கும். மூன்றாவதைச் சொல்லவே வேண்டாம். நிறத்தைத் தீர்மானிப்பது பொடியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான். எவ்வளவு நேரம் நின்றது என்பதற்கு அடுத்த இடமே.

பீப்பாயிலும் இதேதான் நடக்கிறது. ஷெர்ரிக்குப் பிறகு முதன்முறையாக விஸ்கி நிரப்பப்படும் பீப்பாயை ‘ஃபர்ஸ்ட் ஃபில்’ என்கிறார்கள். அதைக் காலி செய்து மறுபடி நிரப்பினால் ‘ரீஃபில்’. முதல் நிரப்பில் ஐந்தாறு ஆண்டுகளிலேயே விஸ்கி செம்பழுப்பாகிவிடும். மூன்றாம் நிரப்பில் முப்பது ஆண்டுகள் கிடந்தாலும் வைக்கோல் நிறத்தைத் தாண்டாது. அபர்லோர் நிறுவனத்தின் ‘அபுனா’ இதற்கு நல்ல சாட்சி. ஒலரோசோ ஷெர்ரி இருந்த முதல் நிரப்புப் பீப்பாய்களில் முதிர்ந்து, தண்ணீர் சேர்க்காமல் பாட்டிலுக்கு வருவது அது. வயது எதுவும் லேபிளில் கிடையாது. ஆனால் நிறத்தில் பல இருபத்தைந்து வயது விஸ்கிகளை அது தோற்கடித்துவிடும்.

மரத்தின் இனமும் சேர்ந்துகொள்கிறது. ஓக்கில் நமக்கு வேண்டியவை இரண்டு. அமெரிக்க வெள்ளை ஓக் வனிலாவும் தேங்காய் மணமும் தரும், நிறம் பொன்னாக இருக்கும். ஸ்பெயினின் வடக்கே வளரும் ஐரோப்பிய ஓக்கில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். கிராம்பு, உலர்திராட்சை, ஆரஞ்சுத் தோல் ஆகிய மணங்களும் செம்பழுப்பு நிறமும் அதிலிருந்து வரும். மெக்காலன் நிறுவனத்தின் 12 ஆண்டு விஸ்கியில் ‘ஷெர்ரி ஓக்’, ‘டபுள் காஸ்க்’ என்று இரு வகைகள் உண்டு. இரண்டும் ஷெர்ரி ஊறிய பீப்பாய்களில் முதிர்ந்தவை, இரண்டிலும் செயற்கை நிறம் இல்லை. ‘டபுள் காஸ்க்’கில் அமெரிக்க ஓக்கும் கலந்திருப்பதால் அது தேன் நிறத்தில், வனிலா வாசத்தோடு வருகிறது. ஷெர்ரியும் ஒன்று, வயதும் ஒன்று. நிறமும் சுவையும் வேறாவது மரத்தால்தான்.

அப்படியானால் ஷெர்ரிக்கு இதில் என்ன பங்கு? இதற்கு ஸ்பெயினின் தென்கோடிக்குப் போக வேண்டும். அந்தலூசியாவில் ஹெரெஸ், சான்லூக்கார், எல் புவெர்த்தோ என்று மூன்று ஊர்கள். அங்கே பலோமினோ என்ற வெள்ளைத் திராட்சையிலிருந்து ஒயின் செய்து, அதில் திராட்சைச் சாராயம் சேர்த்து வலுவேற்றுகிறார்கள். அதுதான் ஷெர்ரி. பதினைந்து சதவீதத்தை ஒட்டி வலுவேற்றினால் மேலே ஈஸ்ட் ஆடையாகப் படர்ந்து காற்றைத் தடுக்கும். அப்போது கிடைப்பது வெளிறிய ஃபினோ. பதினேழுக்கு மேல் போனால் ஈஸ்ட் பிழைக்காது, ஒயின் நேரடியாகக் காற்றோடு உறவாடிப் பழுப்பேறும். அது ஒலரோசோ. விஸ்கிக்காரர்களுக்குப் பெரும்பாலும் வேண்டியது இந்த ஒலரோசோ இருந்த பீப்பாய்தான். ஒலரோசோ இனிப்பானது என்று பலர் நினைத்திருக்கிறோம். இயல்பில் அது இனிப்பே இல்லாத ஒயின். வெயிலில் காயவைத்த திராட்சையில் செய்யும் பெத்ரோ ஹிமெனெஸ்தான் பாகு போல இனிக்கும் வகை.

ஹெரெஸ் ஒயின் கிடங்குகளில் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கும் பழைய பீப்பாய்களின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பீப்பாய்கள்தான் ஸ்காட்லாந்துக்குப் போகின்றன என்று எண்ணுவது இயல்பு. பெரும்பாலும் அப்படி இல்லை. அங்கே ‘சொலேரா’ என்றொரு முறை. கீழ்வரிசையிலிருந்து கொஞ்சம் ஒயினை எடுத்து, அந்த இடத்தை மேல்வரிசையால் நிரப்பி, அதை அதற்கும் மேல்வரிசையால் நிரப்பி, இளையதும் மூத்ததும் ஓயாமல் கலந்துகொண்டிருக்கும் ஏற்பாடு அது. அதற்கு வேண்டிய பீப்பாய் எந்தச் சுவையும் தராத பழைய பீப்பாய். பல தலைமுறைகளாக உழைத்து, மரச்சுவை முழுதும் இறங்கிவிட்ட பீப்பாயைத்தான் ஷெர்ரிக்காரர் பொன்னாகப் போற்றுவார். விஸ்கிக்காரருக்கு வேண்டியதோ சுவையை அள்ளித் தரும் பீப்பாய். ஒருவருக்குத் தேவையில்லாதது மற்றவருக்கு உயிர்நாடி. இந்த முரண் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

முன்பு விஸ்கிக்குக் கிடைத்தவை போக்குவரத்துப் பீப்பாய்கள். ஷெர்ரி அப்போது பீப்பாயோடு கப்பலேறி பிரிட்டனுக்கு வரும், பிரிஸ்டல், லண்டன், லீத் துறைமுகங்களில் பாட்டிலில் அடைபடும். காலிப் பீப்பாயைத் திருப்பி அனுப்புவதைவிட விஸ்கிக்காரருக்கு விற்பது லாபம். ஸ்காட்லாந்துக்கு ஷெர்ரி பீப்பாய் பழக்கமானது இப்படித்தான், சுவையைத் தேடி யாரும் தொடங்கியதல்ல. 1980களில் ஷெர்ரியை ஸ்பெயினிலேயே பாட்டிலில் அடைக்க வேண்டும் என்றான பிறகு இந்த வழி அடைபட்டது. இப்போது பீப்பாயைச் சொல்லிச் செய்கிறார்கள். ஓக் பலகைகளை உலர்த்தி, ஹெரெஸில் பீப்பாயாகக் கட்டி, உட்புறத்தை நெருப்பில் வாட்டி, ஓராண்டிலிருந்து இரண்டாண்டுவரை ஷெர்ரி நிரப்பி வைத்து, பிறகு ஸ்காட்லாந்துக்கு அனுப்புகிறார்கள். ஊறவைக்கப் பயன்பட்ட ஷெர்ரி பெரும்பாலும் குடிப்பதற்கு வராது, வினிகராகவோ பிராந்தியாகவோ போகும். ஹெரெஸின் ஒழுங்குமுறைக் கவுன்சில் இப்போது இத்தகைய பீப்பாய்களுக்குச் சான்றும் தருகிறது.

ஆகவே இன்றைய ஷெர்ரி பீப்பாய் என்பது, விஸ்கிக்காகவே பிறந்து ஷெர்ரியில் ஊறி வரும் பீப்பாய். அந்த ஊறல் என்ன செய்கிறது? புதுமரத்தின் முரட்டுத் துவர்ப்பை உறிஞ்சிக்கொண்டு போகிறது. சில லிட்டர் ஷெர்ரி மரத்துக்குள்ளேயே தங்கி, பின்னால் விஸ்கியில் கசிகிறது. இரண்டும் உண்மையான பங்குகள். ஆனால் நாம் ‘ஷெர்ரிச் சுவை’ என்று சொல்வதில் பெரும்பகுதி, வாட்டிய ஐரோப்பிய ஓக்கின் சுவை.

இனி காலத்துக்கு வருவோம். கட்டுரையின் மையம் இதுதான், கொஞ்சம் நின்று பார்க்கலாம். பீப்பாய்க்குள் மூன்று வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. மரம் தன்னிடமுள்ள நிறம், டானின், வனிலா, மசாலா மணங்களை ஸ்பிரிட்டுக்குக் கொடுக்கிறது. கூடவே, இளம் ஸ்பிரிட்டில் இருக்கும் கந்தக வாடை போன்றவற்றை வாட்டிய மரப்பரப்பு பிடித்துவைத்துக்கொள்கிறது. மூன்றாவதாக, மரத்தின் நுண்துளைகள் வழியே மெல்லக் காற்று நுழைய, உள்ளே இருக்கும் பொருள்கள் ஒன்றோடொன்று வினைபுரிந்து அமிலங்களாகவும் எஸ்டர்கள் என்னும் பழவாசனைப் பொருள்களாகவும் மாறுகின்றன.

முதல் இரண்டு வேலைகளும் ஆரம்ப ஆண்டுகளிலேயே வேகமாக நடந்துவிடும். நல்ல முதல் நிரப்புப் பீப்பாய் பத்தாண்டுக்குள் தன்னிடமுள்ள நிறத்தில் பெரும்பங்கைக் கொடுத்துவிடும். மூன்றாவதை எதனாலும் விரட்ட முடியாது. அது ஆண்டுக்கணக்கில், குளிர்ந்த இருட்டில், தன் போக்கில் நடக்கும். இளம் ஸ்பிரிட்டின் பச்சை வாடை மறைவதும், தனித்தனியாக முட்டிக்கொண்டிருந்த மணங்கள் ஒன்றோடொன்று இழைவதும் இதனால்தான். நிறம் முதல் வேலையின் அடையாளம், வயது மூன்றாம் வேலையின் பலன். ஒன்றைப் பார்த்து மற்றொன்றை ஊகிப்பதால்தான் நாம் ஏமாறுகிறோம்.

உண்மையான முதுமையின் மணம் எப்படி இருக்கும்? பேரீச்சம்பழம், உலர்திராட்சை, டார்க் சாக்லேட் எல்லாம் எட்டு வயதுக் கறுத்த விஸ்கியிலேயே கிடைத்துவிடும். வயதானதில் அவற்றுக்குப் பின்னால் வேறொன்று இருக்கும். பழைய அக்ரூட், பதப்படுத்திய தோல், பழம்பெட்டிக்குள் இருக்கும் மர மெருகு, புகையிலைப் பெட்டி, மழைக்காட்டுக் காளான். பழைய கோன்யாக் பிராந்திக்காரர்களும் ஷெர்ரிக்காரர்களும் இந்தக் கூட்டு மணத்தை ‘ரான்சியோ’ என்கிறார்கள். கூடவே மாம்பழம், அன்னாசி போன்ற வெப்பநாட்டுப் பழ வாசனையும் சில பழைய விஸ்கிகளில் எழும். ரீஃபில் பீப்பாயில் முப்பது ஆண்டு கிடந்த அந்த வெளிர்மஞ்சள் விஸ்கியில் இந்தப் பழவாசம் தெளிவாக வெளிப்படும், ஏனென்றால் அதை மூடி மறைக்கும் அளவு மரம் அங்கே இல்லை.

அப்படியானால் இன்னும் வைத்துக்கொண்டே போகலாமே? இல்லை, ஒவ்வொரு ஆண்டும் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஸ்காட்லாந்தில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகும். தேவதைகளின் பங்கு என்பார்கள். ‘பட்’ எனப்படும் பெரிய ஷெர்ரி பீப்பாயின் கொள்ளளவு 500 லிட்டர். முப்பது ஆண்டு கழித்துத் திறந்தால் உள்ளே ஏறக்குறைய 270 லிட்டர்தான் மிஞ்சும், 70 சென்டிலிட்டர் பாட்டிலில் சுமார் 390. அங்குள்ள ஈரக்குளிரில் தண்ணீரைவிடச் சாராயம் வேகமாகப் போவதால் வலுவும் இறங்கிக்கொண்டே வரும். 40 சதவீதத்துக்குக் கீழே விழுந்துவிட்டால் அதைச் சட்டப்படி விஸ்கி என்றே விற்க முடியாது. நம் பக்கத்து பெங்களூரில் அம்ருத் நிறுவனம் இதே வேலையைச் செய்யும்போது வெயிலில் ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கும் மேல் பறந்துவிடுகிறது. அங்கே முப்பது வயது விஸ்கி என்பது கனவு. ஸ்காட்லாந்தின் குளிர்ந்த, மண்தரைக் கிடங்குகள்தான் நீண்ட முதுமையைச் சாத்தியமாக்குகின்றன.

எல்ஜின் நகரத்து கார்டன் அண்ட் மெக்ஃபெயில் நிறுவனம் 1940இல் கிளென்லிவெட் ஆலையின் ஸ்பிரிட்டை ஒரு பீப்பாயில் நிரப்பி, 2020இல் திறந்தது. 80 ஆண்டுகள். வலு 44.9 சதவீதம், கிடைத்தது 250 பாட்டில்கள். இது விதிவிலக்கு என்பதை மறக்கக் கூடாது. பெரும்பாலான பீப்பாய்கள் அதில் பாதித் தூரம்கூடத் தாங்காமல் களைத்துவிடும். முதல் நிரப்பு ஐரோப்பிய ஓக்கில் ரொம்ப நாள் விட்டால் டானின் ஏறி ஏறி, பழமெல்லாம் மறைந்து மரமே மிஞ்சும். வாழைப்பூவை ஆயாமல் சமைத்தால் நாக்கைப் பிடிக்கும் அந்தத் துவர்ப்பு, கூடவே கசப்பு. அப்படிப்பட்ட பாட்டிலுக்கு விலை லட்சங்களில் இருக்கும், லேபிளில் நாற்பது என்று பெருமையாக எழுதியிருக்கும். ஆனாலும் அது காலம் கடந்து திறந்த விஸ்கிதான். அதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

லேபிளில் உள்ள எண்ணைப் பற்றியும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். ‘18 ஆண்டு’ என்றால் பாட்டிலுக்குள் உள்ளதிலேயே இளையது 18 என்று பொருள். பீப்பாயில் இருந்த ஆண்டுகள் மட்டும்தான் கணக்கு, கண்ணாடிக்குள் வந்துவிட்டால் வயது நின்றுவிடும். கிளென்ட்ரோனக் காய்ச்சிவடி ஆலை 1996இல் மூடப்பட்டு 2002இல் திறந்தது. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 2016இல் அவர்கள் 18 ஆண்டு விஸ்கி என்று ஒரு பாட்டிலை அடைத்தால், உள்ளே இருப்பது குறைந்தது 20 வயதைத் தொட்டதாகத்தான் இருக்க முடியும், ஏனென்றால் இடைப்பட்ட ஆண்டுகளில் ஸ்பிரிட்டே இறங்கவில்லை. இதைத் தெரிந்துவைத்திருந்தவர்கள் பாட்டில் அடைத்த ஆண்டைப் பார்த்துப் பார்த்து வாங்கினார்கள்.

நிறத்தை நம்பக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம், அதை ஊற்றியும் சேர்க்கலாம். ஸ்காட்ச் சட்டம் தண்ணீரைத் தவிர ஒரே ஒரு சேர்மானத்தை அனுமதிக்கிறது, அது வெறும் சர்க்கரையைக் கருக்கிச் செய்த கேரமல் நிறமி. ஒவ்வொரு தொகுப்பும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகச் சேர்ப்பதாகச் சொல்வார்கள். பெரும்பாலான நாடுகளில் இதை லேபிளில் சொல்ல வேண்டியதில்லை, ஜெர்மனியில் சொல்லியாக வேண்டும். நிறமி சேர்க்காத நிறுவனத்தார் ‘இயற்கை நிறம்’ என்று தாங்களே எழுதிவிடுவார்கள். கிளென்ஃபார்க்ளாஸ், மெக்காலன் ஆகியவை சேர்ப்பதில்லை. இவ்வளவு தெரிந்த பிறகு, கண்ணை நம்பி மதிப்பெண் போடுவது நியாயமில்லை என்பது உங்களுக்கே புரிந்திருக்கும். முடிந்தால் நிறம் தெரியாத கிளாஸில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது கையில் எடுப்போம். கிளாஸ் அடியில் அகன்று மேலே குவிந்திருக்க வேண்டும். ஷெர்ரி குடிக்கும் ‘கொபீத்தா’ கிளாஸ்தான் இதற்கு மூதாதை. 2001இல் வந்த கிளென்கெய்ர்ன் கிளாஸ் இன்று எங்கும் கிடைக்கிறது. அகன்ற வாய் டம்ளரில் மணம் பறந்துவிடும். 20 மில்லிலிட்டருக்கு மேல் ஊற்றத் தேவையில்லை. ஐஸ் வேண்டாம், குளிர் மணத்தைப் பூட்டிவிடும். ஊற்றியதும் முகர வேண்டாம். வயதான விஸ்கி பல காலம் அடைந்து கிடந்தது, கால் மணி நேரமாவது காற்றாட விடுங்கள். இருபத்தைந்து வயதுக்கு மேல் என்றால் அரை மணி நேரம்கூடத் தரலாம். முதல் நிமிடத்தில் மரமும் மெருகும் மட்டும் இருந்த கிளாஸிலிருந்து கொஞ்ச நேரத்தில் பழம் ஒன்று எட்டிப்பார்க்கும். இந்தத் துறையில் பொறுமைக்கு இவ்வளவு உடனடிப் பலன் கிடைப்பது இங்கேதான்.

முகரும்போது மூக்கைக் கிளாஸுக்குள் நுழைக்காமல் விளிம்புக்கு மேலே வைத்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு மெல்ல மூச்சிழுங்கள். சாராயத்தின் காரம் மூக்கை மரத்துப்போகச் செய்வது இதனால் குறையும். ஒரு முறை முகர்ந்து, விலகி, உங்கள் சட்டைக் கையை முகர்ந்துவிட்டு மறுபடி வாருங்கள். கேள்வி ஒன்றே போதும்: மரத்தின் பின்னால் பார்லி ஸ்பிரிட் தெரிகிறதா? கிளென்ஃபார்க்ளாஸ் என்றால் அதன் பருத்த மால்ட் கனம், கிளென்ட்ரோனக் என்றால் அதன் தடித்த உடம்பு, இவை மரத்துக்குள்ளும் அடையாளம் தெரிய வேண்டும். எந்த ஆலையில் வடித்தது என்றே தெரியாதபடி உலர்திராட்சை மணம் மட்டும் வந்தால், பீப்பாய் ஆலையை விழுங்கிவிட்டது என்று பொருள்.

அடுத்து ஒரு சிறு வாய். விழுங்கும் முன் நாக்கு முழுவதும் பரவவிட்டு, ஐந்தாறு விநாடி வைத்திருங்கள். இனிப்பு முதலில் வரும், பிறகு காரம், துவர்ப்பு கடைசியில். இந்தத் துவர்ப்பைக் கவனிக்க வேண்டும். டானின் எச்சிலில் உள்ள புரதங்களைப் பற்றிக்கொள்வதால் வாய் வறண்டதுபோல் ஆகிறது, அதனால் துவர்ப்பு சுவையாக மட்டுமின்றித் தொடுகையாகவும் தெரிகிறது. அளவோடு இருந்தால் அது இனிப்புக்குக் கடிவாளம். நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் இனிப்பது போல, துவர்ப்புக்குப் பின் மறுபடி பழம் வந்தால் பீப்பாய் சரியான சமயத்தில் திறக்கப்பட்டிருக்கிறது. துவர்ப்பு மட்டுமே நின்று, ஈறுகள் இறுகினால் அது தாமதம்.

பிறகு தண்ணீர். சில துளிகள், சொட்டுக்குழாய் இருந்தால் நல்லது. ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், ஃப்ரீட்மன் இருவரும் 2017இல் கணினி மாதிரி கொண்டு காட்டியது: சாராயம் மிகுந்த நிலையில் மணம் தரும் குவாயகால் போன்ற மூலக்கூறுகளைச் சாராயம் சூழ்ந்து உள்ளே பிடித்துவைக்கிறது, நீர்த்தால் அவை மேற்பரப்புக்கு வருகின்றன. மேற்பரப்பில் இருப்பதுதான் மூக்குக்கு எட்டும். ஆலைகளில் கலவை வல்லுநர்கள் விஸ்கியை 20 சதவீத வலுவுக்கு நீர்க்கவைத்து முகர்வதும் இதற்காகத்தான். ஆனால் 43 சதவீதத்துக்கு இறங்கிவிட்ட நாற்பது வயது விஸ்கியில் தாராளமாகத் தண்ணீர் விட்டால் உடைந்து போகும், உடம்பே இருக்காது. ஒரு துளி விட்டுப் பாருங்கள், அது போதும்.

குறையும் ஒன்று சொல்ல வேண்டும், ஷெர்ரி பீப்பாய்க்கே உரிய குறை. உரசிய தீக்குச்சி, ரப்பர், வெந்த முட்டைகோஸ் மணம் சில பாட்டில்களில் எழும். பீப்பாய் கெடாதிருக்க உள்ளே கந்தகம் எரிக்கும் பழக்கம் ஒரு காரணம். கந்தகம் ஸ்பிரிட்டிலிருந்தே வருவதும் உண்டு, காய்ச்சும்போது செம்போடு போதிய தொடர்பு இல்லாவிட்டால் தங்கிவிடும். இதை மூக்கு உணரும் அளவு ஆளுக்கு ஆள் மிகவும் மாறுகிறது. ஒருவருக்கு லேசான வெடிமருந்து வாசம், ஆழம் கூட்டும் அழகு. இன்னொருவருக்கு முழுப் பாட்டிலும் வீண். உங்களுக்கு அது தெரிந்தால் தெரிகிறது என்றே சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவில்லை என்பதற்காக மாற்றிக்கொள்ள வேண்டாம். அரை மணி நேரம் காற்றாடினால் அது பெரும்பாலும் தணியும். தணியவில்லை என்றால் அந்தப் பீப்பாயின் கதை அவ்வளவுதான்.

விழுங்கிய பின்பும் வேலை முடியவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருங்கள். நல்ல முதிர்ந்த விஸ்கியில் பின்சுவை ஒரு நிமிடத்துக்கும் மேல் நிற்கும், நிற்கும்போதே மாறும். உலர்பழம் போய் அக்ரூட், அக்ரூட் போய் புகையிலை, கடைசியாக ஆரஞ்சுத் தோல் என்று படிப்படியாக நகரும். இளம் முதல் நிரப்பு விஸ்கியில் ஆரம்ப வாய் பிரமாதமாக இருக்கும், பின்சுவையோ ஒரே இடத்தில் நின்றுவிட்டுப் போகும். வயதை அளக்க நம்மிடம் உள்ளவற்றில் நம்பகமான கருவி இந்தப் பின்சுவையின் அசைவுதான். காலையில் அந்தக் காலிக் கிளாஸையும் முகர்ந்து பாருங்கள். நல்ல பீப்பாய் அப்போதும் தன்னைச் சொல்லும்.

என்ன வாங்கலாம் என்று கேட்டால் என் தீர்ப்பு தெளிவானது. ஷெர்ரி பீப்பாய் ஸ்காட்சுக்கு நல்ல காலம் பெரும்பாலும் பதினைந்துக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் இருக்கிறது. மரம் தந்ததும் காலம் செய்ததும் அங்கே ஒன்றையொன்று மிஞ்சாமல் நிற்கின்றன. அதற்கு மேல் போனால் பணம் வேகமாக ஏறும், சுவை அந்த வேகத்தில் ஏறுவதில்லை. 1865இலிருந்து ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் கிளென்ஃபார்க்ளாஸின் 15 ஆண்டு விஸ்கி 46 சதவீத வலுவோடு வருகிறது, தொடங்குவதற்கு அதைவிடப் பொருத்தமான பாட்டிலை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதை ஏதாவதொரு ரீஃபில் பீப்பாயில் முதிர்ந்த வெளிறிய மூத்த விஸ்கியோடு, நிறம் தெரியாத கிளாஸ்களில், நண்பரை ஊற்றித் தரச் சொல்லி அடுத்தடுத்து ருசித்துப் பாருங்கள். எது மூத்தது என்று ஊகித்த பிறகே லேபிளைத் திருப்புங்கள்.